நடுப்பகல் வேளையும் நம் பிள்ளைகளும்



மும்பையில் வாழும் தமிழர்கள் நன்கறிந்த காட்சி ஒன்றிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன். பொழுது புலரும் வேளையில், பெரிய அலுமினியப் பாத்திரங்களோடும் சட்னி, சாம்பார் தூக்குகளோடும், ரப்பர் ஊதுகுழலை அழுத்திக்கொண்டு, தாராவியிலிருந்து இட்லிக்காரர்கள் நகரின் நாற்புறமும் பிரிந்து செல்கின்றனர். அந்த இட்லிக்காக இரவு இரண்டு மணிக்கே அடுப்பை மூட்டியவள் அவர்களுடைய மனைவி. பாத்திரம் காலியாகி வீடு திரும்பும்போது பகல் பதினொன்றாகிறது. அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் கண்ணயரும் நேரம் அதுதான். வீடு என்பதோ பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று.

மாநகராட்சிப் பள்ளிகள் பல இரு நேர முறையில் நடைபெறுபவை. காலை நேரப் பள்ளிக்குச் சென்ற பையன் பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வாசலில் வந்து நிற்கிறான். சோறு போட்ட தாய், "சத்தம் போடாம வெளியே போய் வெளையாடு" என்கிறாள். அவள் கூறுவதில் தவறென்ன? அவளும் உறங்க வேண்டுமல்லவா? ஆயினும் அந்த வேளை முதல் விளக்கேற்றும் வரை ஆறு மணி நேரம் அப்பையன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதை அறிந்தவர் எவருமில்லை. இளைஞர் தீயநெறியில் செல்வதைத் தடுப்பது எவ்வாறு என்ற பெரிய கேள்விக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வாயில் இந்த ஆறு மணி நேரமேயாகும்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். சொல்லை எடைபோடுவதே பிழைப்பாகிவிட்டவன். ஆகவே சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குற்றம் புரிந்த சிறுவனைக் குறிக்க ஆண்ட சொல்லைத் தமிழில் 'இளங்குற்றவாளி' என்று சொல்லலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சொல்லைக் கைவிட்டது. 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' என்ற பொருளுடைய தொடரை ஏற்றது. இப்போது நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தொடரையே ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகிறது. இது வெறும் சொல்லலங்காரமன்று. குற்றவாளி என்பது ஆளின் பெயர். முரண்பாடு என்பது நிகழ்ச்சியின் பெயர். ஆளை மாற்றுவது அரிது; நிகழ்ச்சி மீண்டும் நேராமல் பார்த்துக்கொள்வது இயலக்கூடியது. நம் பத்திரிகைகளில் பல இன்னும் பழைய சொல்லையே விரும்புகின்றன. தலைப்புக்கு அது சுருக்கமாக அமைகிறது போலும்!

இத்துறையில் மும்பை நகரம் நம் நாட்டில் முன்னோடியாக நின்றது. 1850-ஆம் ஆண்டிலேயே பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் பயில அனுப்புவதற்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர் டேவிட் சசூனின் பெயரைத் தாங்கிய சீர்திருத்தத் தொழிற்பள்ளி அந்நூற்றாண்டிலேயே இந்நகரில் நிலைபெற்றது. 1924-இல் பம்பாய்க் குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. (நமது சென்னை மாகாணம் 1920-இலேயே அத்தகைய சட்டத்தை இயற்றி முந்திக்கொண்டது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.) 1927-இல் பம்பாயில் சிறார் நீதிமன்றமும், குழந்தைகள் உதவிச் சங்கமும் தோன்றின. அச்சங்கத்தின் பொறுப்பில் டோங்கிரியில் கூர்நோக்கு இல்லமும், மான்குர்டில் செம்பூரின் பெயர் தாங்கிய குழந்தைகள் இல்லமும் நடந்துவருகின்றன. டோங்கிரி இல்லம் முன்பு சிறைச்சாலையாக இருந்தது. 1882-இல் திலகரும் அகர்க்கரும் அங்கே அடைபட்டிருந்தனர். சிறைச்சாலை சிறுவர் இல்லமாயிற்று என்பதில் ஒரு நூற்றாண்டின் மனமாற்றம் அடங்கியிருக்கிறது. அந்தச் சுவர்களின் உயரம் மட்டும் மாறவில்லை.

ஆனால் இவையெல்லாம் பிள்ளை தவறிய பின்னர் செய்வன. தவறுமுன் செய்ய வேண்டுவது எது என்று இந்நகரில் ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். 1927-இல் அவர் நாகபாடாவில் அக்கம்பக்க இல்லம் ஒன்றைத் திறந்தார். ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. மதமும் மொழியும் வினவாமல் பிள்ளைகளை உள்ளே அழைத்த அவ்வில்லத்தில் விளையாட்டுக்கு முதலிடம் கிடைத்தது. நாகபாடா இன்றும் கூடைப்பந்தாட்டத்துக்குப் பேர் பெற்ற பகுதி. அந்த நெருக்கமான தெருக்களில் வளர்ந்த பையன்கள் நாட்டின் சார்பில் ஆடியிருக்கிறார்கள். 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா பெயரால் சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கியபோது அதற்கும் மான்ஷார்டே இயக்குநரானார். நாகபாடா இல்லத்திலேயே வகுப்புகள் நடந்தன. மறு ஆண்டே அப்பள்ளி நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையத்தைத் திறந்தது. அதுவே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்து, 1954-இல் செம்பூரை அடுத்த தேவனாருக்குக் குடிபெயர்ந்தது. நம் செம்பூர்த் தமிழர்கள் பேருந்தில் அன்றாடம் அதைக் கடந்து செல்கிறார்கள். துன்புறும் குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி உதவி எண், 1996-இல் அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகவே இந்நகரில் பிறந்து, பின்னர் நாடெங்கும் பரவியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, நாம் பேசத் தயங்கும் ஓர் அத்தியாயம். 1950-இல் பம்பாய் மாகாணத்தில் முழு மதுவிலக்கு வந்தது. நோக்கம் உயர்ந்தது, விளைவு வேறாயிற்று. தாராவியை ஒட்டிய சதுப்பு நிலங்களில் கள்ளச் சாராயம் காய்ச்சப்பட்டது. அதை ரப்பர் குழாய்களில் நிரப்பிச் சுமந்து செல்லக் கால்கள் தேவைப்பட்டன. காவலரின் கண்ணுக்குப் படாதவை சிறுவர்களின் கால்கள். அத்தொழிலிலிருந்து எழுந்த வரதராஜ முதலியாரின் பெயரை அறியாத மும்பைத் தமிழர் இரார். ரயில் நிலையத்தில் கூலியாக வாழ்வைத் தொடங்கி, சாராயத்தாலும் கடத்தலாலும் செல்வாக்கடைந்து, மாதுங்காவில் பெரும்பொருட்செலவில் விநாயகர் பந்தல் அமைத்து, 1988-இல் சென்னையில் காலமானவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' திரைப்படம் அவர் கதையைத் தழுவியது என்று பரவலாகக் கூறப்படுகிறது. அவர் ஏழைகளுக்கு உதவினார் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆயினும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்வதானால், அவரைக் கொண்டாடியதன் விலையைச் செலுத்தியவர்கள் பெரியவர்களல்லர், பையன்களே. வேலை, கையில் காசு, தெருவில் மதிப்பு, 'நம்மாள்' என்று சொல்லிக்கொள்ள ஒருவர் ஆகிய நான்கையும் சாராயத் தொழில் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரே நாளில் கொடுத்தது. சமுதாயத்தில் வேறு எவர் அதைக் கொடுக்க முன்வந்தனர்? தடுப்புத் திட்டம் எதுவாயினும் அது போட்டியிட வேண்டியது இந்தக் கொடையோடுதான்.

இன்று சாராயக் குழாய்கள் மறைந்துவிட்டன. 1980-களில் பிரவுன் சுகர் என்னும் கொடிய தூள் இந்நகரில் புகுந்தது. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. ஆனால் சிறுவர்களின் கைக்கு எட்டும் போதை மிக மலிவானது. எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவம், அதன் கரைப்பான், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஆகியவற்றைத் துணியில் நனைத்து முகர்கிறார்கள். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சுட்டியது. மது, கஞ்சா, அபின் வகைகள் அனைத்திலும் பெரியவர்களே மிகுதி. முகரும் போதை ஒன்றில் மட்டும் சிறார் முந்துகின்றனர். 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. 2012-இலேயே மத்திய அரசு புட்டியில் அடைத்த திருத்தத் திரவத்தைச் சில்லறையாக விற்பதற்குத் தடை விதித்துவிட்டது. ஆனால் ரப்பர், தோல், தையல் பட்டறைகள் சந்துதோறும் நடக்கும் தாராவியில் கரைப்பானும் பசையும் கைத்தொழிலின் அன்றாடப் பொருள்கள். பூட்டி வைக்க இயலாதவை.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? செய்யத்தகாதவை எவை என்பது நமக்குச் சற்றுத் தெளிவாகவே தெரியும். அச்சுறுத்தல் பயன் தருவதில்லை. அமெரிக்காவில் 1970-களில், குறும்புக்காரப் பையன்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம் ஒன்று பெரும் புகழ் பெற்றது. பின்னர் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தபோது, அவ்வாறு மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைக் காட்டிலும் அதிகமாகவே குற்றம் புரிந்திருந்தனர்! அறிவுரை வழங்கும் கூட்டங்களின் கதியும் பெரும்பாலும் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பதை நான் குறை கூறவில்லை. அவ்வுறுதிமொழிகளில் சிலவற்றை மொழிபெயர்த்தவனே நான். உறுதிமொழி காலை பத்து மணிக்கு எடுக்கப்படுகிறது. பையன் தனியாக இருப்பது பிற்பகல் மூன்று மணிக்கு.

மறுபுறம் ஐஸ்லாந்து என்ற சிறு தீவு நாட்டைப் பாருங்கள். அங்கே 1998-இல் 15, 16 வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையேனும் குடித்து மயங்கியிருந்தனர். 2016-இல் அது 5 ஆகக் குறைந்தது. அவர்கள் செய்தது மந்திரமன்று. பிள்ளைகளின் விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு ஊராட்சியே பணம் கொடுத்தது. பெற்றோர் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்தை வரையறுத்தனர். தாமே தெருக்களில் நடந்து பார்த்தனர். செல்வ நாட்டின் வழி நமக்கு ஆகுமா என்று கேட்கலாம். 1992, 93 கலவரங்களுக்குப் பின் மும்பையில் உருவான மொகல்லா கமிட்டிகள் தாராவி போன்ற இடங்களில் சண்டையிட்ட தெருக்களின் வாலிபர்களையே கூட்டிக் கிரிக்கெட் ஆட வைத்தன. காவலரும் அவர்களோடு ஆடினர். மட்டையும் பந்தும் நமக்கும் எட்டுபவைதாம். 1999-இல் இந்நகரில் தோன்றிய 'மேஜிக் பஸ்', 2002-இல் தோன்றிய 'சலாம் பாம்பே' போன்ற அமைப்புகளும் விளையாட்டையும் கலையையும் கொண்டே பிள்ளைகளின் மாலை நேரத்தை நிரப்ப முயல்கின்றன. ஒரு மேலாள் இன்றிப் பையன்களைக் கூட்டி விட்டால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முரட்டுப் பையன்களை மட்டும் ஒன்றுசேர்த்து நடத்திய முகாம்களில், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கெட்டதையே கற்றனர் என்பது அமெரிக்க ஆராய்ச்சிகளிலிருந்து தெரிகிறது.

நம் மக்களுக்கே உரிய மற்றொரு வைத்தியம் உண்டு: பையனை ஊருக்கு அனுப்பிவிடுவது. இதைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் கூறிய இட்லிக்காரர்களுள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், ஓரிரவு ஆண்டாப் ஹில்லில் உள்ள என் குடியிருப்புக்கு வந்தார். கையில் மராத்தியில் அச்சிட்ட தாள் ஒன்று. பதினைந்து வயது மகன் வேறு இருவரோடு சேர்ந்து ரயில் நிலையத்தில் ஒருவரது கைபேசியைப் பறித்துவிட்டான். பிடிபட்டபோது அவன் பையில் சொல்யூஷன் தோய்ந்த துணியும் இருந்தது. மறுநாளே ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

"நாளைக்கு ராத்திரி வண்டியில அவனை ஊருக்கு ஏத்தி விட்டுரலாம்னு இருக்கேன் சார். அவன் ஆச்சி பாத்துக்கிடுவா. இங்க இருந்தா கள்ளப்பய அப்பன்னுல்லா சொல்லுவான்" என்றார்.

நான் தாளைப் படித்தேன். "அண்ணாச்சி, இதிலே கள்ளன் என்றோ குற்றவாளி என்றோ ஒரு சொல்கூட இல்லை. அடுத்த வாரம் டோங்கிரியில் குழுமத்தின் முன் வரச்சொல்லி நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பையன் இல்லையானால்தான் அவன் ஓடிப்போனவன் ஆவான்" என்றேன்.

அவருக்கு அன்றிரவு விளக்கியதையே நேயர்களுக்கும் சுருங்கச் சொல்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவனைக் காவல் நிலைய அடைப்பிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. விலங்கு பூட்டலாகாது. பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அக்குழுமம் நடுவர் ஒருவரும், சமூகப்பணியாளர் இருவரும் கொண்டது. அவ்விருவருள் ஒருவரேனும் பெண். ஜாமீன் தருவதே பொது விதி. வழக்கறிஞர் உதவி இலவசம். கடுங்குற்றங்கள் நீங்கலான வழக்குகளில் அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப்பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கட்டளையிடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது. பையனின் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடுவது தண்டனைக்குரியது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் புரியும் கொடுங்குற்றங்களுக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி வகுத்திருக்கிறது. அது தனிப்பேச்சுக்குரிய பொருள். போதைப்பொருளைச் சிறாருக்குக் கொடுப்பவனுக்கும், அதைச் சுமக்கவோ விற்கவோ சிறாரை ஏவுபவனுக்கும் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சாராயக் குழாய் சுமந்த அந்நாளைய சிறுவர்களின் காலத்தில் இப்படியொரு பிரிவு இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது.

அச்சட்டத்தின் எட்டாம் பிரிவில் என் தொழிலைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. நடவடிக்கைகளின் மொழி சிறுவனுக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் குழுமமே ஏற்படுத்தித் தர வேண்டும். ஆனால் தாராவியில் பிறந்த நம் பையன்களுக்கு இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. மொழி தெரியாதவள் தாய். முதல் தடவை முன்னிலையான நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து, "மகன் பகலில் எங்கே போகிறான்?" என்று இந்தியில் கேட்கிறார். தாய் தலைகுனிந்து நிற்கிறாள். கேள்வி புரியவில்லை, புரிந்த அளவுக்கு வெட்கம். அந்த மௌனம் அறிக்கையில் அக்கறையின்மையாகப் பதிவாகிவிடக்கூடும். அன்று நான் விடுப்பெடுத்துக்கொண்டு அவ்விருவருக்கும் இடையே அமர்ந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுவது முதல், பகலில் உறங்குவது, பையனை வெளியே அனுப்புவது வரை அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். அலுவலர் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "இப்பகுதியில் தமிழ்ச் சங்கம் ஏதுமில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

இருக்கிறது. மும்பையில் தமிழருக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் சண்முகானந்த சபையும் மாதுங்காவுக்கும் சயானுக்கும் தேடித்தந்த பெருமையை நாடறியும். கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் கூடுவது போல, இந்த ஆறு மணி நேரத்துக்காகக் கூடியதில்லை என்பதே என் ஆதங்கம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கநிலையோடு நின்றுவிட்டவை. அங்கே படித்து முடித்த பையன் வேறு மொழிவழிப் பள்ளிக்கு மாறும்போது தடுமாறுகிறான். பாடம் புரியாத வகுப்பை விட்டு மெல்ல நழுவுகிறான். பையன் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். அவ்வாண்டில் அவனுக்குக் கைகொடுக்க ஓர் ஆள் இருந்தால் பாதிக் காரியம் ஆயிற்று.

அந்தப் பையனைக் குழுமம் பெற்றோரின் பொறுப்பில், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட்டது. சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குத் தந்தையே அழைத்துச் சென்றுவந்தார். செவ்வாய்க்கிழமைகளில் இட்லி வியாபாரம் அரை நாளோடு நின்றது. போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை வேண்டுவோர் 14446 என்ற அரசின் இலவச எண்ணை அழைக்கலாம். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவரை, தாம் உட்கொண்ட குற்றத்துக்காக வழக்கில் சிக்க வைக்காத விதியொன்று போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. 1098 என்ற எண்ணும், இப்போது அரசின் நேர்ப்பொறுப்பில், செயல்பட்டுவருகிறது.

தாராவியில் அவர்கள் சந்துக்கருகே ஊர்க்காரர்களின் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. கொடை விழாவுக்கு வரி பிரிக்கவும், இறந்தவர் வீட்டுக்குப் பந்தல் சாமான் எடுக்கவும் மட்டும் திறக்கப்பட்டுவந்தது. நன்னடத்தை அலுவலர் கேட்ட கேள்வியை நான் அச்சங்கத்தாரிடம் போய்ச் சொன்னேன். மூன்று கூட்டங்கள் நடந்தன; மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் கழிந்தன. இப்போது பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை அறை திறந்திருக்கிறது. சாவி, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம். இரண்டு கேரம் பலகைகள், ஒரு மேசை, எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மராத்தி, ஆங்கிலப் பாடநூல்கள். பெரியவர் பாடம் எதுவும் நடத்துவதில்லை. ஜன்னலோரம் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். வராத பையனின் வீட்டுக்கு மறுநாள் மாலை நடந்துபோய், "பேரனைக் காணலியே, உடம்புக்கென்ன?" என்று கேட்டுவிட்டு வருகிறார். இட்லிக்காரரின் மகன் அங்கே கேரம் காய்களுக்குப் பொறுப்பாளன். பத்தொன்பது காய்களையும் எண்ணி டப்பாவில் போட்ட பிறகே கதவைப் பூட்ட அவன் இசைகிறான்.